ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்

அந்த அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும் தொண்டை அவருக்கு. மேளச் சத்தத்துக்கும் சமையல்கட்டுச் சத்தத்துக்கும் மேலே ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அதே தொண்டை கோபம் வந்தால் அடங்கி அடங்கி, எதிரில் இருப்பவர் குனிந்து காது கொடுத்துக் கேட்கிற அளவுக்கு வந்துவிடும். அவரிடம் பத்து வருஷமாக டெம்போ ஓட்டியவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அக்கா கத்திக்கினு இருந்தா நான் பாட்டுக்கு டீ குடிப்பன் சார். மெதுவா பேச ஆரம்பிச்சாத்தான் டீய அப்படியே வச்சிட்டு வண்டிய எடுப்பன்."

பேரை எழுதப் போவதில்லை. யாரைக் கேட்டு எழுதினாய் என்று கேட்பார்.  

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடுவது அவர் தொழில். அண்டா, தேக்சா, சாம்பார் வாளி, ஜல்லிக் கரண்டி, பந்தி மேசை, நாற்காலி. முகூர்த்த மாதங்களில் அவரைப் பார்க்கவே முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. அந்த மாதங்களைத் தள்ளுவதற்காக எங்கள் வங்கியில் மூன்று லட்சம் ரூபாய்க்கு ஓவர்டிராஃப்ட் கணக்கு வைத்திருந்தார். கையில் பணம் இல்லாதபோது அந்த மூன்று லட்சம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. பாத்திரங்கள்தான் அடமானம். நான் அந்தக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி. சொந்த ஊர் தாமல். தினமும் பைக்கில் போய்வருவேன்.

மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். காதில் ஒரு பென்சில். பதிவு போட்டு வாங்கியதும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் படித்து டிக் அடிப்பார். மற்றவர்கள் கடைசி வரியில் இருக்கும் இருப்பைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். இவர் முதல் வரியிலிருந்து வருவார். புரியாத வரியில் பென்சில் நிற்கும். "இது இன்னாப்பா?"

எங்கள் கிளையில் அவருக்கு வைத்த பேர் பென்சில். "பென்சில் வருதுடா" என்று காசாளர் குரல் கொடுத்தால் நாங்கள் ஆளுக்கொரு ஃபைலை எடுத்து விரித்துக்கொள்வோம். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. தன் கணக்கைத் தான் படித்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது.

வாங்குகிற காசுக்குக் காரணம் இருக்க வேண்டும். அக்காவிடம் இருந்த பிடிவாதம் இது ஒன்றுதான். பாத்திரம் திரும்பி வரும்போது ஏதாவது உடைந்திருந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார், தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் பில்லில் அதற்குக் கீழே எழுதுவார்: 'ஜல்லிக் கரண்டி ஒன்று, கைப்பிடி கழன்றது.' உடைந்த கரண்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு வைத்திருப்பார். யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டுவார். அவரிடம் வேலை செய்த ஒருவர் இரண்டு டம்ளரைத் தொலைத்ததற்கு அறுபது ரூபாய் பிடித்துக்கொண்டு, அதே நாளில் அந்த ஆளின் மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துக் கழித்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "அது வேற, இது வேறப்பா" என்றார்.

என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் அக்காவிடம்தான் பாத்திரம் எடுத்தோம். பாத்திரங்கள் ஒரு நாள் தாமதமாகத் திரும்பின என்று முந்நூற்றைம்பது ரூபாய் கூடுதல் வாடகை பிடித்துக்கொண்டார். சித்தப்பா முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பஸ்ஸில் தாமலுக்கு வந்து, வீட்டைக் கேட்டுக்கேட்டுக் கண்டுபிடித்து வந்து நின்றார். நானும் அப்போது சித்தப்பா வீட்டில் இருந்தேன்.

"லேட்டு உங்க மேல இல்லீங்க. எங்க டெம்போ தான் ஒரு நாள் கழிச்சி வந்துக்குது. டிரைவர் நேத்துதான் வாயத் தொறந்தான்" என்று சொல்லி முந்நூற்றைம்பதை நீட்டினார்.

"இதுக்காம்மா இந்த வெயில்ல வந்த? போவுது, நீயே வச்சிக்க" என்றார் சித்தப்பா.

"வச்சிக்க இது என் காசு இல்லீங்களே."

சித்தி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ பேங்க்ல இருக்கற தம்பிதான? உங்க பேங்க்குல தப்பா எடுத்துட்டா இப்படி வீடு தேடி வந்து தருவீங்களாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

அவர் பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் குறையும். ஐந்நூறு கட்டணம், தொண்ணூறு ஜி.எஸ்.டி. அதுவரை வட்டி என்று நினைத்து டிக் அடித்துவந்த பென்சில் ஒரு தடவை அந்த வரியில் நின்றது.

"இது இன்னாப்பா?"

"இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ்க்கா."

"அப்படின்னா?"

"நீங்க அடமானம் வச்ச பாத்திரமெல்லாம் இருக்குதான்னு நாங்க வந்து பாக்கறதுக்கு."

"யார் வந்தாங்க?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். "அது சிஸ்டம் தானா எடுத்துக்கும்க்கா."

"எடுத்துக்கறது சரி. சிஸ்டமா வந்து பாத்துச்சு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த வரியில் டிக் அடிக்காமல் ஒரு சுழி போட்டுவிட்டு எழுந்துபோனார்.

யார் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். யாரும் வரவில்லை. ஒவ்வொரு காலாண்டும் நூற்றுக்கு மேற்பட்ட கணக்குகளுக்கு ஆய்வு அறிக்கை எழுத வேண்டும். ஒரு ஆள், நான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதி வைத்ததைப் பார்த்து, தேதியை மட்டும் மாற்றி, 'நேரில் சென்று பார்வையிட்டேன், சரக்கு திருப்திகரமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வந்த ஆடிக்குள் அக்காவின் கணக்குக்கு அப்படி ஆறு அறிக்கைகள் எழுதியாகிவிட்டது. ஒரு தடவைகூட அவருடைய இடத்தை நான் பார்த்ததில்லை.

அந்த ஆடி மாதம் அக்கா வாலாஜாபாத்தில் ஒருவரிடம் நூற்றிருபது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார். நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் செக் கொடுத்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கூரத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். முந்நூறு நாற்காலி கேட்டிருந்தார்கள், அவரிடம் நூற்றெண்பதுதான் இருந்தது. கணக்கில் நாற்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் எடுக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் செக் எழுதினார். செக் வந்த அன்றைக்குக் காலையில் சிஸ்டம் ஐந்நூற்றுத் தொண்ணூறை எடுத்துக்கொண்டது. நூற்றுத் தொண்ணூறு ரூபாய் குறைந்தது.

பணம் போதாத செக்குகளின் பட்டியல் காலையில் என் திரையில் வரும். பணம் கொடுக்கலாமா, செக்கைத் திருப்பலாமா என்று நான் அழுத்த வேண்டும். அன்று பதினாலு செக்குகள். பேரைக்கூடப் பார்க்காமல் பதினாலையும் திருப்பினேன். செக் திரும்பியதற்கு அக்காவின் கணக்கிலிருந்து இன்னும் நானூற்றுப் பதிமூன்று ரூபாயைச் சிஸ்டம் எடுத்தது. நூற்றுத் தொண்ணூறு ரூபாய் போதவில்லை என்று செக்கைத் திருப்பிய கணக்கில் நானூற்றுப் பதிமூன்று ரூபாய் எடுக்க மட்டும் எந்தத் தடையும் இல்லை. 

வாலாஜாபாத்துக்காரர் நேராக அக்காவின் குடோனுக்கு வந்தார். இறக்கி வைத்திருந்த நாற்காலிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். அக்காவின் ஆட்கள் ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பணம் இல்லாத செக்க ஏம்மா குடுக்கற? வயசுக்கு இது அழகா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூரத்துக் கல்யாணத்துக்கு அக்கா போட்டிக் கடைக்காரரிடம் இரண்டு மடங்கு வாடகை கொடுத்து நாற்காலி எடுத்துப் போட்டார். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்து அந்த வீட்டில் நடந்த வளைகாப்புக்குப் பாத்திரம் போட்டிக் கடையிலிருந்து போனது.

செக் திரும்பிய மறுநாள் அல்ல, நாலு நாள் கழித்துத்தான் அக்கா வங்கிக்கு வந்தார். மேலாளர் அறைக்குள் நேராகப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளே போனபோது அக்காவின் குரல் மிகவும் இறங்கியிருந்தது. மேலாளர் மேசைமேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நூத்தித் தொண்ணூறு ரூபா கொறையுதுன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா சார்? பத்து நிமிஷத்துல கொண்டாந்து கட்டியிருப்பன். லோன் வாங்கிக்கோ, இன்சூரன்ஸ் போட்டுக்கோன்னு வாரத்துக்கு நாலு போன் வருதே, அதுக்கு மட்டும் நம்பர் இருக்குதா?"

"மேடம், அது வேற டிபார்ட்மென்ட்."

"சரி. இந்த ஐந்நூத்தித் தொண்ணூறு. யார் வந்து பாத்தாங்க?"

மேலாளருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இதற்கு அவரிடம் காகிதம் இருந்தது. ஃபைலை எடுத்து விரித்து, ஆறு அறிக்கைகளையும் புரட்டிக் காட்டினார். "பாருங்க மேடம். மூணு மாசத்துக்கு ஒருமுறை எங்க ஆபீசர் நேர்ல வந்து பாத்து ரிப்போர்ட் குடுத்திருக்காரு. சும்மா காசு எடுக்கல."

அக்கா கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ வந்தியாப்பா?"

மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தேன்க்கா" என்றேன்.

"எங்க?"

"உங்க குடோனுக்கு."

"எங்க இருக்குது என் குடோனு?"

அறிக்கையில் எழுதிய முகவரி எனக்கு மனப்பாடம். "பிள்ளையார்பாளையத்துல."

அவர் குரல் இன்னும் இறங்கியது. "அத்த காலி பண்ணி ஒன்ர வருஷத்துக்கு மேல ஆவுதுப்பா. அங்க இப்ப பல் டாக்டரு இருக்காரு. நான் ஓரிக்கையில இருக்கன். மாறனதுமே லெட்டர் எழுதிக் குடுத்து சீல் வாங்கிக்கினு போனனே."

அந்தக் கடிதம் அதே ஃபைலில், என் முதல் அறிக்கைக்கு முந்தின தாளாக இருந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை. மேலாளர் ஃபைலை மூடினார். அக்கா திட்டியிருந்தால் தேவலை. பாஸ்புக்கைப் பையில் வைத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் மேலாளர் என்மேல் பாய்ந்தார். "அட்ரஸையாவது பாத்து எழுதக் கூடாதாய்யா?" என்றார். போகாமல் எழுதியதற்காக அவர் திட்டவில்லை. முகவரி தப்பானதுதான் அவருக்குக் குற்றம்.

அக்கா தமிழில் நாலு பக்கம் புகார் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அவர் மகன் சென்னையில் வேலை பார்த்தான். "விடும்மா, ஐந்நூறு ரூபாக்கு அலையாத" என்று போனில் சொல்லியிருக்கிறான். "ஐந்நூறு ரூபா உனக்கு வேணாம்னா எனக்கு அனுப்பு, மாசாமாசம்" என்றாராம் அக்கா. இதை டிரைவர்தான் எனக்குச் சொன்னார்.

புகாரின் பேரில் ஆறு அறிக்கைகளையும் அனுப்பச் சொல்லி எங்கள் கிளைக்குக் கடிதம் வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஆறையும் புதுசா எழுது. ஓரிக்கை அட்ரஸ் போட்டு, பழைய தேதியில. அதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் அந்த எடத்தப் பாத்துட்டு வந்துரு. சுவரு என்ன கலர், ஷட்டர் எந்தப் பக்கம், எல்லாம் கரெக்ட்டா இருக்கணும்."

போனேன். கையில் காகிதமும் அட்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு பொய்யைச் சரியாகச் சொல்வதற்காக முதல்தடவையாக அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். பைக்கில் போகும்போது எனக்கு அக்காவின் மேல்தான் கோபம் வந்தது. ஊரில் எத்தனையோ பேர் கட்டிவிட்டுப் போகிறார்கள், இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று. அந்தக் கோபத்தை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஓரிக்கையில் தகர ஷீட் போட்ட நீளமான குடோன். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வந்த?"

"இன்ஸ்பெக்‌ஷன்க்கா."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். குரல் ஏறவில்லை. "காசு ஆறு தடவ எடுத்தாச்சு. இப்பத்தான் பாக்க வரியா? சரி, வந்துட்ட இல்ல. எண்ணு."

"சும்மா ஒரு தடவ பாத்துட்டு..."

"பாக்கறதுக்கா ஐந்நூத்தித் தொண்ணூறு? எண்ணு."

எண்ணினேன். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை போலக் காய்ந்த ஆவணி வெயிலில் மூன்று மணி நேரம் எண்ணினேன். பித்தளை அண்டா பதினாறு. அலுமினியத் தேக்சா முப்பத்தொன்று. முப்பது என்று எழுதியபோது, "அடில பாரு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குது" என்றார். தட்டுகளைக் கட்டுக்கட்டாக எண்ணலாமா என்றதற்கு, "கட்டுல எத்தன இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேலையாட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா அவரைத் தடுக்கவுமில்லை, கொடு என்று சொல்லவுமில்லை.

எண்ணி முடித்தபோது எனக்கே தெரிந்தது. நாங்கள் கொடுத்த மூன்று லட்சத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் அங்கே சரக்கு இருந்தது. யாராவது ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அவருடைய வரம்பை ஐந்து லட்சமாக உயர்த்தியிருக்கலாம். நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்காக அவர் தலைகுனிய வேண்டி வந்திருக்காது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

"இன்னிக்குத் தேதி போடு. மணி போடு. மேல ஒரு வரி எழுது. இந்தக் குடோனுக்கு நான் வர்றது இதுதான் மொத தடவன்னு எழுது."

பேனா நின்றது. "அக்கா, அப்படி எழுதினா எனக்குப் பிரச்சினை ஆயிடும்."

அவர் என்னிடம் வந்து நின்றார். நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "எழுதறதுக்குக் கை வரலயா? வராமயே ஆறு தடவ எழுதன கைதான இது?"

எழுதினேன். தைரியம் வந்து எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த முகத்துக்கு முன்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுக்கச் சொல்லி, ஒன்றை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அந்தப் பிரதி அடுத்த தபாலில் மேலிடத்துக்குப் போனது. பழைய தேதியில் ஆறு அறிக்கை எழுத இனி வழியில்லை.

அதற்குப் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. ஆறு தடவை எடுத்த கட்டணம், செக் திரும்பியதற்கான கட்டணம், எல்லாம் சேர்த்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடு, புகாரை முடி என்று மேலிருந்து மேலாளருக்கு உத்தரவு வந்தது. அக்காவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார்கள். ஒரு கடிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே பணம் வரவு.

அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் வரியிலிருந்து படித்தார். மூன்றாவது வரியில் நின்றது.

"இது இன்னா சார்? 'என் குறை முழுவதும் தீர்ந்தது, வங்கியின் சேவையில் எனக்கு முழு திருப்தி'ன்னு போட்டுக்குது?"

"அது ஃபார்மட் மேடம். எல்லாரும் போடறதுதான்."

"காசு வாங்கிக்கினன்னு எழுதறன். திருப்தின்னு எழுத மாட்டன்."

"மேடம், ஒரு வார்த்தைக்காக நாலாயிரம் ரூபாயை விடறீங்களா?"

"வாலாஜாபாத்துக்காரரு என் ஆளுங்க ஆறு பேர் முன்னாடி கேட்டாரு சார், வயசுக்கு இது அழகான்னு. அத்த எந்தக் கணக்குல வரவு வச்சீங்க? அது இன்னும் என் கிட்டதான் இருக்குது. நான் எப்படித் திருப்தின்னு எழுதறது?"

காபி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், திருப்தி என்ற வார்த்தையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு எழுந்துபோனார்.

எனக்கு விசாரணை வந்தது. போகாமல் ஆறு அறிக்கை எழுதியது குற்றச்சாட்டில் எங்கோ நாலாவதாக இருந்தது. முதல் குற்றச்சாட்டு, வங்கியின் நற்பெயருக்குக் களங்கம் வரும்படி வாடிக்கையாளருக்கு எழுத்து மூலம் கொடுத்தது. பொய்யை எழுதியபோது எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உண்மையை எழுதிய ஒரு நாளுக்கு விசாரணை வைத்தார்கள். அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன்.

விசாரணை அதிகாரி கேட்டார்: "இவரைப் பத்தி என்னம்மா சொல்றீங்க?"

"ஆறு தடவ வராமயே வந்தன்னு எழுதனாரு. என் மூஞ்சப் பாத்து வந்தன்னு பொய் சொன்னாரு. ஏழாவது தடவ வந்தாரு. ஒழுங்கா எண்ணி எழுதனாரு." அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.  "அக்கா, நல்லதா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஏழாவது தடவ நல்லாத்தான எண்ணன? அத்தையும் சொன்னனே."

"எனக்கு வேலையே போயிருக்கும்க்கா."

"எனக்கும் தொழில் போயிருக்கும்பா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸை நோக்கி நடந்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. எனக்கு ஒரு சம்பள உயர்வு போனது, வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா பழைய டெம்போ ஒன்றை விற்று, கழுத்துச் சங்கிலியையும் விற்று, ஓவர்டிராஃப்டை மொத்தமாகக் கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டார். அவருக்குத் தர வேண்டிய மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று ரூபாய் மட்டும் போக இடமில்லாமல் கிளையின் பல்வகைக் கணக்கில் கிடந்தது. முடிக்காத பதிவு என்று தணிக்கையில் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டார்கள். மேலாளர் அக்காவுக்குப் போன் மேல் போன் போட்டார். கடைசியில் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்தார். கடிதத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுக் கொண்டுபோக மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஃபார்மட்டை மாற்ற அதிகாரம் இல்லையாம். பார்க்காத சரக்குக்குக் காசு எடுக்க இருந்த அதிகாரம், ஒரு வரியை அடிக்க இல்லை.

அந்தக் கிளையில் எனக்குக் கடைசி நாள். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். மேலாளர் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இத்தனைக்கும் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"நீ போறதுக்குள்ள ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போய்யா. உனக்குத் தெரிஞ்சவங்கதான. உங்க ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பாத்திரம் குடுத்தவங்க. நீ பேசினா கேப்பாங்க. ஒரு கையெழுத்து."

போன் போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தார். பின்னால் பாத்திரம் இறக்குகிற சத்தம்.

"அக்கா, நான்தான். பேங்க்லேர்ந்து."

"சொல்லு."

மேலாளர் மேசையில் கையூன்றி நின்றிருந்தார்.  அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அக்கா, அந்த லெட்டர்ல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க."

மேலாளரின் கை மேசையை விட்டு எழும்பியது.  பிறகு அக்கா பேசினார், கத்தியும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"ஏம்பா, நீ சொல்லித்தான் நான் போடாம இருக்கணுமா?"

வைத்துவிட்டார்.